நாலங்குலப் பாதை!

தோழனே!

உன் உள்ளங்கையை விரித்துப் பார். ஐந்து விரலையும் ஒட்டவைத்து அளந்து பார். ஏறத்தாழ நாலு அங்குலம் இருக்கும் அந்த அகலம். அந்த அகலந்தான் பாதை! அந்தப் பாதையும் தரையில் இல்லை; தரைக்கு மேலே நாலடி உயரத்தில் இருக்கிறது. நீளமோ 5 மீட்டர். அதன்மேல் ஒரு பெண் நிற்கிறாள். பற்றிக்கொள்ளக் கயிறில்லை, ஊன்றிக்கொள்ளக் கோலில்லை, தாங்கிப் பிடிக்க ஆளில்லை. நடக்கிறாள், ஓடுகிறாள், ஒற்றைக் காலில் பம்பரமெனச் சுழல்கிறாள். எம்பிக் குதித்து, வானத்தில் இரு காலையும் ஒரே கோடாக விரிக்கிறாள். முதுகுப் பக்கமாய்க் கரணமடித்து, எந்தக் கட்டையிலிருந்து எழும்பினாளோ அந்தக் கட்டையிலேயே மீண்டும் பாதம் பதிக்கிறாள்!

ஜிம்னாஸ்டிக்ஸ் என்று சொல்கிறார்களே, அந்த உடல்வித்தைப் போட்டியில் இதற்கு ‘பேலன்ஸ் பீம்’ என்று பெயர். நாம் சமநிலைக் கட்டை என்று சொல்லிக்கொள்வோம். அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர், ஆட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் 90 வினாடி. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு ஆறு கருவி, பெண்களுக்கு நாலு கருவி. ஆண்களுக்குரிய ஆறில் இந்தக் கட்டை இல்லை. ஆம் தோழனே, இது பெண்களுக்கே உரிய களம்! நாலங்குலத்தில் நிமிர்ந்து நிற்பவள் பெண். நாற்பதடிச் சாலையில், மாலை மயங்கியதும், நிற்கமுடியாமல் தள்ளாடி வருபவன் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா!

“இரவு ஷிப்டு முடித்து, பஞ்சுத் தூசு படிந்த சட்டையோடு தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்து ஏட்டை விரிக்கிறேன். என்னிடம் வந்து, எங்கோ சீமைப் பெண் கட்டையில் ஆடுகிற கதையைச் சொல்கிறாயே! பஞ்சப்படி பற்றிச் சொல், போனஸ் பற்றிச் சொல்” என்று கேட்பாய். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் இருக்கிறது. இது சீமைக் கதை அல்ல, இராசபாளையத்துக் கதை; திருவில்லிபுத்தூர்க் கதை; உன் வீட்டுக் கதை. உன் மகள் கதை!

எப்படி என்று பார்.

இராசபாளையத்துச் சந்தைப் பக்கத்திலும், திருவில்லிபுத்தூர்த் தேரடியிலும், கழைக்கூத்தாடிகள் மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, பறை முழக்கிய காட்சியை நீ கண்டிருப்பாய். இல்லையேல் உன் தந்தை கண்டிருப்பார். எட்டு வயதோ பத்து வயதோ இருக்கும் சிறுமி, கையில் நீண்ட கோலேந்திக் கயிற்றின்மேல் நடப்பாள். நேற்று முளைத்த வித்தை அல்ல இது. குறுந்தொகையின் ஏழாம் பாட்டிலேயே கயிற்றின்மேல் ஆடுவோர் கொட்டும் பறை பேசப்படுகிறது. காற்றடித்து வாகை நெற்று கலகலப்பதைச் சொல்லவந்த புலவர், அந்தப் பறையொலியைத்தான் உவமையாக்கினார். அத்தனை பழமை!

ஆனால் அந்தச் சிறுமிக்கு நாம் என்ன தந்தோம்? விரித்த துண்டில் நாலு காசு எறிந்தோம். “ஐயோ பாவம்” என்று ஒரு சொல் எறிந்தோம். பள்ளிக்கூடம் தந்தோமா? இல்லை. பயிற்சியாளர் தந்தோமா? இல்லை. விழுந்தால் தாங்க ஒரு மெத்தை தந்தோமா? அதுவும் இல்லை. “அது அவர்கள் குலத்தொழில்; அவர்கள் இரத்தத்தில் ஊறியது” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினோம். அதே வித்தையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, கயிற்றுக்குப் பதில் கட்டையை வைத்து, விதி எழுதி, மதிப்பெண் வகுத்து நடத்தியபோது, உலகம் எழுந்து நின்று கைதட்டியது, கொடி ஏற்றியது, நாட்டுப்பண் இசைத்தது. கால் ஒன்றுதான், வித்தை ஒன்றுதான். ஒருத்திக்குப் பிச்சை, மற்றொருத்திக்குப் பதக்கம்!

இரத்தத்தில் ஊறியதா சமநிலை? பகுத்தறிவைக் கேட்போம். உடம்பின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாக அறிவியல் கணக்கிடுகிறது. அந்தப் புள்ளி, பாதம் பதிந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கும் வரையில் நிற்பாய், விலகினால் விழுவாய். கோயிலில் விளக்கேற்றியவனுக்கு ஒரு விதி, ஏற்றாதவனுக்கு வேறு விதி என்று அதில் கிடையாது. கையை அகல விரித்தால் உடம்பு சாய்வதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் இடுப்பைத் திருத்திக்கொள்ளலாம். கயிற்றில் நடப்பவள் நீண்ட கோல் ஏந்துவதன் சூட்சுமமும் இதுதான். செவிக்குள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றிலே ஒரு நீர்மம் உண்டு. தலை திரும்பினால் நீர்மம் அசைந்து மூளைக்குச் செய்தி சொல்லும். கண் ஒரு செய்தி தரும். கணுக்காலின் தசையும் மூட்டும் ஒரு செய்தி தரும். மூன்று செய்தியையும் சேர்த்துப் படிக்க மூளை பழகுவதற்குப் பெயர்தான் பயிற்சி. அந்தக் குழாய் கழைக்கூத்தாடி மகளுக்கும் உண்டு. ஆலை முதலாளி மகளுக்கும் உண்டு. உன் மகளுக்கும் உண்டு!

பழகுவது எப்படி? முதலில் தரையில் கோடு. கோட்டின்மேல் நடை, நுனிக்காலில் நடை, பின்னோக்கி நடை. பிறகு தரையோடு ஒட்டிய தாழ்ந்த கட்டை. பிறகு இடுப்பளவு உயரம், கீழே கனத்த மெத்தை. அதன் பிறகுதான் நாலடி உயரம். “காலைப் பார்க்காதே, கட்டையின் முனையைப் பார்” என்பது ஆசிரியர் சொல்லும் முதற்பாடம். காலைப் பார்த்தால் தலை கவிழும். தலை கவிழ்ந்தால் உடல் கவிழும். தோழனே, ஓர் இனத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும் அல்லவா!

பின்கரணத்தைப் பார். தரையிலே அடிக்கும்போது இரண்டு கையையும் தோளகலத்துக்கு ஊன்றலாம். கட்டையிலே அகலம் ஏது? இரு கையும் நெருங்கி ஒட்டி ஊன்றவேண்டும். கால்களும் அதே நாலங்குலக் கோட்டில் இறங்கவேண்டும். ஒரு முழங்கை மடங்கினாலும் உடல் கோணும். ஒற்றைக்கால் சுழற்சியைப் பார். குதிகால் தூக்கி, பாதத்தின் முன்பகுதி ஒன்றில் முழு எடையையும் வைத்து, முழு வட்டம் சுற்றி, தொடங்கிய திசையிலேயே நிற்கவேண்டும். பார்ப்பவருக்குச் சின்ன வேலை. செய்பவளுக்குப் பெரிய கண்டம்!

இவற்றைத் தனித்தனியே செய்துகாட்டினாலும் போதாது. சுழற்சி ஒன்று இருக்கவேண்டும். கால்களை ஒரே கோடாய் விரிக்கும் தாவல் இருக்கவேண்டும். கரணங்கள் தொடராக வரவேண்டும். அவை முன்னோக்கியும் பின்னோக்கியும் அமையவேண்டும். கடைசியில் கட்டையிலிருந்து வானத்தில் சுழன்று இறங்கி, ஆடாமல் அசையாமல் தரையில் நிற்கவேண்டும். அத்தனையும் ஒன்றரை நிமிடத்துக்குள்! நடுவர்கள் இரண்டு கணக்குப் போடுவார்கள். செய்த வித்தை எத்தனை கடினம் என்பது ஒரு கணக்கு. அதற்கு எல்லை இல்லை. எத்தனை செம்மையாய்ச் செய்தாள் என்பது மற்றொன்று. அது பத்தில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். சிறு தள்ளாட்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். பெரிய தடுமாற்றத்துக்கு அரை மதிப்பெண் போகும்.

கட்டையிலிருந்து விழுந்தே போனால்?

இங்கேதான் தோழனே, நீ நின்று கவனிக்கவேண்டும். விழுந்தால் ஒரு மதிப்பெண் போகும். ஒன்றே ஒன்று! விழுந்தவளை விரட்டிவிடுவதில்லை. வீட்டுக்குப் போ என்பதில்லை. “உனக்கேன் இந்த வேலை, நான் அப்போதே சொன்னேனே” என்று ஊர் கூடிப் பேசுவதில்லை. எழுந்து, மூச்சுவிட்டு, மீண்டும் ஏறிக்கொள்ளப் பத்து வினாடி தருகிறது விதி. ஏறினால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

விழுந்தால் ஒரு மதிப்பெண். ஏறப் பத்து வினாடி. இந்த எளிய நீதியை நம் வீட்டுப் பெண்ணுக்கு நாம் வழங்கியிருக்கிறோமா? பையன் பரீட்சையில் தோற்றால், “அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்” என்கிறோம். பெண் தோற்றாலோ, “படித்தது போதும், மாப்பிள்ளை பார்” என்கிறோம். பையன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் வீரன் என்கிறோம். பெண் சிராய்த்துக்கொண்டு வந்தால், “காலில் தழும்பு விழுந்தால் யார் கட்டுவான்?” என்கிறோம். பெண் விழுவதற்கே உரிமை இல்லாத நாட்டில் அவள் எழுவது எங்கே? ஏறுவது எங்கே?

உலகில் பெண்கள் இந்தக் கட்டையில் ஏறிய வரலாற்றைக் கேள். 1896இல் ஏதென்ஸ் நகரில் புதுக்கால ஒலிம்பிக் தொடங்கியபோது ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. அதைத் தோற்றுவித்த பிரெஞ்சுக்காரர் கூபெர்தேன், பெண்கள் போட்டியிடுவதை விரும்பாதவர். மனு நம் நாட்டில்தான் பிறந்தான் என்று எண்ணாதே. வேறு வேறு பெயரில் எல்லா நாட்டிலும் பிறந்திருக்கிறான்! 1928இல்தான் பெண்களின் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவுக்கு ஒலிம்பிக்கில் கதவு திறந்தது. 1952இல் ஹெல்சிங்கியில்தான் சமநிலைக் கட்டைக்கெனத் தனிப் பதக்கம் வந்தது. 2024இல் பாரிசில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி இடம் ஒதுக்கினார்கள். 128 ஆண்டுகள் தோழனே, ஒரு பாதியைப் பெற!

1956. மெல்போர்ன் நகரம். கட்டையில் தங்கம் வென்றவள் அங்கேரி நாட்டு ஆக்னெஸ் கெலெட்டி. யூதக் குடும்பத்துப் பெண். இட்லரின் கொடுமைக் காலத்தில் வேறொரு பெண்ணின் பெயரில் வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு, வீட்டு வேலைக்காரியாக ஒளிந்து உயிர் தப்பியவள். தந்தையையோ அவுசுவிட்சு கொலைக்களம் விழுங்கிவிட்டது. போர் அவளுடைய இளமையைத் தின்றது. ஆனாலும் 35ஆம் வயதில் மெல்போர்னில் நாலு தங்கம் வென்றாள். முப்பத்தைந்து வயதில் நம் ஊரில் பெண்ணை என்ன சொல்வார்கள்? “பேரன் எடுக்கிற வயதில் என்ன துள்ளல்?” என்பார்கள். அந்தக் கெலெட்டி இரண்டு ஆண்மக்களைப் பெற்று வளர்த்து, 103 வயது வாழ்ந்து, 2025 சனவரியில்தான் மறைந்தார்.

இன்னொருத்தியைச் சொல்கிறேன்; உன் நெஞ்சு நிமிரும். செக்கோசுலோவாக்கிய நாட்டு வேரா சாசுலாவ்சுகா. 1964இல் டோக்கியோவில் கட்டையில் தங்கம் பெற்றவர். 1968இல் தம் நாட்டில் உரிமை கேட்டு எழுந்த அறிக்கையில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் சோவியத்துப் படை நாட்டுக்குள் புகுந்தது. கைதுக்கு அஞ்சி மலைப்பகுதியில் மறைந்தார். ஒலிம்பிக்கோ அக்டோபரில்! பயிற்சிக்கூடம் இல்லை, கருவி இல்லை. என்ன செய்தார் தெரியுமா? காட்டில் கிடந்த மரத்தைச் சமநிலைக் கட்டையாக்கினார். மரக்கிளையைத் தொங்கும் கம்பியாக்கினார். உருளைக்கிழங்கு மூட்டையைப் பளுவாக்கினார். புல்வெளியை ஆடுகளமாக்கினார். அப்படிப் பயின்று மெக்சிகோ சென்றார். நாலு தங்கமும் இரண்டு வெள்ளியும் கொண்டார்! கட்டையில் கிடைத்தது வெள்ளி. தங்கம் சோவியத்துப் பெண்ணுக்கு. சோவியத்துப் பண் ஒலித்தபோது, மேடையில் நின்ற வேரா தலையைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சொல் பேசவில்லை. உலகம் முழுவதும் கேட்டது! நாடு திரும்பியதும் ஆட்சி அவரை ஒதுக்கியது. கையெழுத்தைத் திரும்பப் பெறு என்றார்கள். மாட்டேன் என்றார். வேலை கிடைக்காமல் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தார். 1989இல் காலம் மாறிற்று. ஒதுக்கப்பட்டவர் அந்நாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். நாலங்குலக் கட்டையில் பயின்ற நிமிர்வு, கட்டையிலிருந்து இறங்கிய பிறகும் அவரை விட்டுப் போகவில்லை, பார்த்தாயா!

1976இல் மாண்ட்ரியலில் உருமேனியச் சிறுமி நாடியா கொமனேச்சி, வயது 14, பத்துக்குப் பத்து வாங்கினாள். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்சில் அதற்குமுன் எவரும் வாங்காத மதிப்பெண் அது. மதிப்பெண் பலகையில் பத்து என்று காட்டவே வசதியில்லை; 1.00 என்று காட்டிற்று. பெண்ணின் திறமைக்கு ஆண்கள் செய்துவைத்த பலகையில் இடம் போதவில்லை! அந்தப் போட்டிகளில் ஏழுமுறை பத்து வாங்கினாள். மூன்று முறை கட்டையில். பதினான்கு வயதுக் குழந்தையின் உடலை இப்படி வாட்டலாமா என்ற கேள்வியும் பின்னர் எழுந்தது. 1997 முதல், 16 வயது நிறையும் ஆண்டுக்குமுன் பெரியவர்கள் போட்டியில் சேர்க்கக்கூடாது என்று விதி செய்தார்கள். வித்தையும் வேண்டும், வித்தைக்கு வரம்பும் வேண்டும்.

நம் காலத்து அமெரிக்கக் கறுப்பினப் பெண் சிமோன் பைல்சைக் கேள். 2021இல் டோக்கியோவில், வானத்தில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போயிற்று. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, “என்னால் இப்போது முடியாது” என்று போட்டிகளிலிருந்து விலகினார். கோழை என்றவர்களும் உண்டு. அவர் கலங்கவில்லை. ஒரு வாரங்கழித்துக் கட்டையில் மட்டும் ஏறினார். வழக்கமாய் இறங்கும் முறுக்குச் சுழற்சியை விட்டு, எளிய இறக்கத்தை மேற்கொண்டு, வெண்கலம் வென்றார். 2024இல் பாரிசில், மூன்று தங்கம் பெற்ற அதே பைல்சு, கட்டையில் வழுக்கி விழுந்தார். எழுந்தார், ஏறினார், முடித்தார். ஐந்தாம் இடம். அதே நாளில் தரைப்பயிற்சியில் வெள்ளி! உலகம் கண்ட மிகச் சிறந்த வீராங்கனைகளுள் ஒருவரே விழுகிறார் என்றால், விழுவது வெட்கமா, தோழனே? விழுந்தவளை ஏறவிடாததல்லவா வெட்கம்!

“சீமைக்காரிகளுக்குச் சரி, நம் பெண்ணுக்கு ஆகுமா?” என்பாய். ஆகும். திரிபுரா மாநிலத்து அகர்தலாவில் பிறந்த தீபா கர்மாகரின் பாதம் தட்டைப் பாதம். குதிப்பதற்குத் தகாத பாதம் என்றார்கள். 2016இல் ரியோவில், ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்சுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவர். தாண்டும் மேசைப் போட்டியில் நாலாம் இடம். வெண்கலம் நழுவியது வெறும் 0.150 மதிப்பெண்ணில்! மேற்கு வங்கத்துப் பிரணதி நாயக், ஒரு பஸ் டிரைவரின் மகள். டோக்கியோவுக்குச் சென்று இந்தியாவின் சார்பில் போட்டியிட்டாள். ஆம், உன்னைப்போல உழைத்துப் பிழைக்கும் ஒரு தொழிலாளியின் மகள்தான்!

இனி நம் ஊருக்கு வருவோம்.

இராசபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. அங்கே தறிகளில் நெய்வது என்ன? மருத்துவமனைகளுக்குப் போகும் கட்டுத்துணி! உள்நாட்டுக்கும் போகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. எங்கோ ஒரு நாட்டில் கட்டையிலிருந்து விழுந்தவளின் கணுக்காலைச் சுற்றும் துணி, நம் தங்கையின் கைபட்ட துணியாகவும் இருக்கலாம். உலகத்தின் காயத்துக்கு மருந்துத்துணி நெய்கிறாள். ஆனால் ஓடிக் குதித்து விளையாடி, தன் முழங்காலில் ஒரு காயம் பட்டுக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை! இதைவிடக் கொடுமை உண்டா?

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழகத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததே, நினைவிருக்கிறதா? மூன்றாண்டு விடுதியில் அடைபட்டு வேலை செய்; முடிவில் மொத்தமாகப் பணம்; அது உன் கல்யாணத்துக்கு என்றார்கள். எந்த மூன்றாண்டு? எலும்பு வலுப்பெறும் மூன்றாண்டு! கால் துள்ளத் துடிக்கும் மூன்றாண்டு! அந்த மூன்றாண்டும் கதிருக்கும் நூலுக்கும் நடுவே தேய்ந்தது. பெயர் மட்டும் மங்கலம்!

திருவில்லிபுத்தூர் எதனால் பெயர்பெற்றது? பால்கோவாவை விட்டுவிடு, ஒரு பெண்ணால் பெயர்பெற்றது. ஆண்டாள்! புராணத்தை நம்புவோர் நம்பட்டும். நாம் கேட்பது வேறு. தெய்வத்துக்கென்று கட்டிய மாலையைத் தானே சூடிப் பார்த்தாள் ஒரு பெண் என்று சொல்லி அவளைக் கொண்டாடுகிறீர்கள். அவள் பாடிய முப்பது பாட்டையும் மார்கழி முழுதும் பாடுகிறீர்கள். ஆடிப்பூரத்தில் தேரேற்றி ஊரைச் சுற்றுகிறீர்கள். விருப்பத்தை வாய்விட்டுச் சொன்ன பெண்ணுக்கு வானளாவிய தேர்! அதே தேரோடும் வீதியில், உங்கள் சொந்த மகள் வாய்திறந்து, “அப்பா, நான் விளையாடப் போகட்டுமா?” என்று கேட்டால், பதில் என்ன? “வயசுக்கு வந்த பெண்ணுக்கு விளையாட்டென்ன!” சிலைக்குத் தேர், உயிருள்ளவளுக்குச் சிறை. இது நியாயமா?

தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வேண்டும். இல்லையேல் வீதி திரும்பாது, ஆளையும் நசுக்கும். பெண்ணின் காலுக்கு ஏன் முட்டுக்கட்டை? சிறுவயதில் தந்தை, பருவத்தில் கணவன், முதுமையில் மகன் என்று மனு வைத்தது மூன்று முட்டுக்கட்டை. அவற்றை உடைக்கப் பிறந்ததல்லவா நம் இயக்கம்! 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டோம். 1931இல் இதோ பக்கத்து விருதுநகரிலேயே சுயமரியாதை மாநாடு கூட்டினோம். 1989இல் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்ணுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. வீட்டுச் சொத்தில் பங்கு வந்தது. நாற்காலியில் பாதி வந்தது. மைதானத்தில் எத்தனை பங்கு? உன் ஊர்ப் பள்ளி மைதானத்தை மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார், எண்ணிச் சொல்!

தடை சொல்வோர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிவிடுவோம்.

“குதித்தால் கருப்பை இறங்கிவிடும், பிள்ளை பிறக்காது” என்பார்கள் பாட்டிமார். சோவியத்து நாட்டு லாரிசா லத்தினினா 1958இல் உலகப் போட்டியில் வாகை சூடியபோது வயிற்றில் குழந்தை! வேராவுக்கும் பிள்ளைகள் உண்டு, கெலெட்டிக்கும் உண்டு. வளரும் வயதில் குதிப்பும் ஓட்டமும் எலும்பை உறுதியாக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை.

“உடை சரியில்லை” என்பார்கள். 2021இல் செருமானியப் பெண்கள், கணுக்கால்வரை மூடிய உடையோடு ஒலிம்பிக்கில் ஏறினார்கள். விதி அதற்கு இடந்தருகிறது. ஊரில் பயிற்சிக்குச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் போதும். குறை துணியில் இல்லை. பார்க்கும் கண்ணில் இருக்கிறது!

“பயிற்சி என்று அழைத்துக் கேடு செய்வார்களே” என்பார் தாய்மார். இந்த அச்சத்தை நான் எள்ளமாட்டேன். அமெரிக்க அணிக்கு மருத்துவனாயிருந்த லாரி நாசர் என்ற கொடியவன், சிகிச்சை என்ற பெயரில் எத்தனையோ பெண்களைச் சிதைத்தான். 2018இல் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசிய பிறகு அவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆகவே விழிப்பு வேண்டும். பயிற்சி திறந்த இடத்தில் நடக்கட்டும். பெண் ஆசிரியர் இருக்கட்டும். தாய்மார் வந்து பார்க்கட்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. திருடனுக்கு அஞ்சிக் கதவு போடு, வீட்டையே இடிக்காதே!

“பணமில்லை” என்பார்கள். வேரா காட்டு மரத்தில் பயின்றாரே! சுண்ணாம்புக் கோடு போட என்ன செலவு? நாலங்குல அகலத்தில் கோடு. அதன்மேல் முன்னும் பின்னும் நடை. அடுத்து, நம் ஊர்த் தச்சுத் தோழனிடம் சொல். 10 சென்டிமீட்டர் அகலத்தில் கட்டை அறுத்து, ஓரம் மழுக்கி, சிலாம்பு போக இழைத்து, மேலே தடித்த துணி ஒட்டித் தரட்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் போதும். அதில் நடை, சுழற்சி, சிறு தாவல் ஆகியவற்றைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரே தொடங்கிவைக்கலாம். ஆனால் கரணங்களும் உயரக் கட்டையும் அப்படியல்ல. முறையான பயிற்சியாளரும் கனத்த மெத்தையும் இல்லாமல் ஒருத்தியையும் ஏற்றாதே. கழுத்தெலும்போடு விளையாடுவது வீரம் அல்ல, மடமை. அங்கேதான் அரசு வரவேண்டும். நகராட்சிக் கூட்டத்தில் கேள். சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடு. பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் கூடமும் பெண் பயிற்சியாளரும் வேண்டுமென்று தீர்மானம் போடு. சாலைக்கும் சாக்கடைக்கும் கேட்கும் குரல், மகளின் காலுக்கும் கேட்கட்டும்!

எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு வேலை. அதற்கு அரசாணை வேண்டாம். நன்கொடைச் சீட்டு வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் உன் மகளை வீட்டு வேலையிலிருந்து விடுதலை செய். அந்த ஒரு மணி நேரம் பாத்திரத்தை உன் மகன் துலக்கட்டும். நீயே துலக்கினாலும் குறைந்துவிடமாட்டாய். மேடையில் பெண்ணுரிமை முழங்கும் கழகத் தோழன், கொல்லைப்புறத்தில் அதைச் செய்து காட்டட்டும்!

அவள் எல்லாம் ஒலிம்பிக்குக்குப் போய்விடுவாளா? ஆயிரத்தில் ஒருத்தி போகலாம், போகாமலும் இருக்கலாம். அது கணக்கல்ல. நாலங்குலத்தில் நிற்கப் பழகியவளை நாலு பேர் பேச்சு சாய்க்காது. காலைப் பார்க்காமல் முனையைப் பார்க்கப் பழகியவளை அடிமை ஆக்கமுடியாது. விழுந்து எழுந்து பழகியவள், வாழ்க்கையில் ஒருமுறை வழுக்கினால் கிணற்றைத் தேடமாட்டாள், கட்டையைத் தேடுவாள். மீண்டும் ஏறுவாள்!

ஆகவே தோழனே, அவள் விழட்டும், அஞ்சாதே. எழட்டும், தடுக்காதே. ஏறட்டும், பத்து வினாடி பொறுத்திரு. ஆயிரமாண்டு பொறுத்தவள் அவள். பத்து வினாடி பொறுக்க நமக்கென்ன வலிக்கிறதா!